ஒரு நஞ்சையின் மேல் ஐந்து வரைபடங்கள்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், கடையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வயல் நின்றிருந்த இடத்தில் இப்போது கல் நிற்கிறது. முழங்கால் உயரம், வெள்ளையடித்த உடம்பு, மண்டையில் மட்டும் சிவப்பு. வரிசைக்குப் பத்து, பன்னிரண்டு. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எழும்பி நிற்க, கல்லுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும் ஒரு குளக்கரையும் மிச்சம். வாசலில் வளைவு கட்டி ‘சாரல்’ என்று தொடங்கும் ஒரு பெயரை எழுதியிருக்கிறார்கள். குற்றாலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் சாரல், தென்றல், அருவி மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் மனைப்பிரிவுக்குப் பெயர் வைப்பது அபூர்வம்.

இடம் பார்க்க வந்தவர் கேட்டார்: “அண்ணாச்சி, எல்லாம் சரியா இருக்கும்லா?”

“டிடிசிபி அப்ரூவல் இருக்கு, ரேரா நம்பர் இருக்கு. பெறகு என்ன வேணும்?”

முன்னது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், பின்னது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவு எண். கேட்டவருக்கும் அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை. தெரியாதது அவர் குற்றமல்ல. ‘அப்ரூவ்டு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அடியில் ஐந்தாறு சட்டங்களும் அதே அளவு வரைபடங்களும் படிந்து கிடக்கின்றன. அந்த வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அலுவலகம் எதுவுமில்லை. நகரத் திட்டமிடலில் இந்த ‘ஒன்றின்மேல் ஒன்று’ என்பதற்கு ஒரு பெயர் உண்டு: ஓவர்லே, மேலடுக்கு மண்டலம். மண்டலம் கட்டுப்படுத்துகிறது; அதற்கு ஈடாக வளர்ச்சிச் சலுகை கொடுக்கிறது என்பது ஏட்டுக் கணக்கு. கடையம் போன்ற மலையடிவாரத்தில் கட்டுப்பாடு யார் தலையில் விழுகிறது, சலுகை யார் மடியில் விழுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மேலடுக்கு என்றால் என்ன என்பதை ஒரு பழைய பழக்கத்தை வைத்துச் சொல்லிவிடலாம். சர்வேயர் அலுவலகங்களில் முன்பெல்லாம் மெல்லிய டிரேசிங் தாள் இருக்கும். எஃப்.எம்.பி எனப்படும் புலப்படத்தின் மேல் அதை விரித்து, வேண்டிய கோட்டை மட்டும் வரைந்துகொள்வார்கள். அடியில் இருக்கும் படம் மாறாது. மேலே விரிக்கிற தாளுக்கேற்ப அர்த்தம் மாறும். ஒரு நகரின் முழுமைத் திட்டம் அடிப்படம் மாதிரி. இது குடியிருப்பு, இது வணிகம், இது விவசாயம் என்று அது பிரித்துவிடும். பிறகு, எந்த மண்டலமாக இருந்தாலும் இந்தக் கோட்டுக்குள் இருந்தால் கூடுதலாக ஒரு நிபந்தனை உண்டு என்று சொல்கிற தாள்தான் மேலடுக்கு.

தமிழ்நாட்டில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னையில் இருக்கிறது. 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் வழக்கமான நிலப்பயன் மண்டலங்களோடு நிற்கவில்லை. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு, விமானப்படைத் தளத்தின் சுற்றுப்புறம் என்று தனித்தனிக் கோடுகளைப் போட்டது. உங்கள் இடம் குடியிருப்பு மண்டலத்திலேயே இருக்கலாம். நீர் ஊறும் பகுதிக்குள் விழுந்தால் மாடி எண்ணிக்கைக்குத் தனி அளவு. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்குமேல் கட்டக்கூடாது என்று 1997-இல் போட்ட அரசாணையும் இதே வகை. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் கடையும் உண்டு, வீடும் உண்டு, லாட்ஜும் உண்டு. கோபுரத்தை மறைக்கிற உயரம் என்ற ஒரே கேள்வி எல்லாவற்றின் மேலும் படிகிறது. அந்த ஆணை எத்தனை கட்டடங்களில் காற்றில் பறந்தது என்பதை மாசி வீதியில் அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

சென்னைக்கும் மதுரைக்கும் இருக்கிற ஒரு வசதி கடையத்துக்கு இல்லை. அங்கே தாளை விரிப்பதற்கு அடியில் ஒரு படம் இருக்கிறது. கடையம் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் கிராம ஊராட்சிகள், பக்கத்தில் ஆழ்வார்குறிச்சி பேரூராட்சி. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் திட்டப்பகுதியாக அறிவித்த இடங்களில்தான் முழுமைத் திட்டம் வரும். அதற்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு அடிப்படம் வருவாய்த்துறையின் ‘ஏ’ பதிவேடுதான். அதில் நிலம் நான்கைந்து சாதி: நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. இந்தப் பிரிவினை வரிவசூலுக்காகப் போட்டது. எது ஊர், எது வயல், எது நீர் என்ற திட்டமிடல் அதில் கிடையாது. ஆனாலும் நூறாண்டுக்குமேல் மண்டலமாக வேலை செய்தது அதுதான். நத்தத்தில் வீடு, நஞ்சையில் நெல் என்பதை ஊரே ஒத்துக்கொண்டிருந்ததால் யாரும் அதைச் சட்டம் என்று நினைக்கவில்லை.

இந்த அடிப்படத்தின் மேல் இப்போது விரிந்திருக்கிற தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் வேறு அளவுகோலால் அளந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் தாள் விளைநில மாற்றம். திட்டப்பகுதிக்கு வெளியே இருக்கிற விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. வேளாண் துறையின் கருத்து வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு வேண்டும். இங்கே அளவுகோல் சர்வே எண். உங்கள் உட்பிரிவில் மூன்று ஆண்டாகப் பயிர் இல்லை, பாசனம் இல்லை என்று அடங்கல் எனப்படும் பயிர்ப் பதிவேடு சொன்னால் பாதை எளிது. பக்கத்து உட்பிரிவுக்குத் தண்ணீர் உங்கள் வரப்பு வழியாகப் போகிறதா என்பது உங்கள் சர்வே எண்ணின் கேள்வி அல்ல. வயலைத் தரிசு போட்டால் மனையாவது சுலபம் என்பதை ஊர் வெகுசீக்கிரம் புரிந்துகொண்டது.

இரண்டாவது, மலையிடப் பாதுகாப்புக் குழுமம். பேச்சில் ஹாக்கா. 1990-இல் தமிழக அரசு ஏற்படுத்தியது. பட்டியலில் உள்ள கிராமங்களில் மனைப்பிரிவு போடவோ பெரிய கட்டடம் கட்டவோ குவாரி திறக்கவோ வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண்பொறியியல் துறை என்று பல கையெழுத்து வாங்கி இந்தக் குழுமத்தைத் தாண்ட வேண்டும். மண்சரிவும் மண்ணரிப்பும்தான் இதன் கவலை. அளவுகோலோ வருவாய்க் கிராமம். ஒரு கிராமத்தின் மேற்கு மூலை மலைச்சரிவாகவும் கிழக்கு மூலை மைதானம் போலச் சமதளமாகவும் இருக்கும். பட்டியலில் பெயர் வந்தால் இரண்டும் மலை. அடுத்த கிராமத்தில் சரிவு இருந்தும் பெயர் இல்லையென்றால் அது மலையில்லை. சமதளத்தில் இரண்டு அறை வீடு கட்ட ஹாக்காவுக்கு அலைந்தவர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. அந்த எரிச்சலைக் காட்டியே சரிவில் கட்டுகிறவர்கள் தளர்வு கேட்கிறார்கள் என்பதும் உண்மை.

மூன்றாவது தாள் காட்டுடையது. கடையத்துக்கு மேற்கே, தெற்கே எழும்புகிற காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் அம்பாசமுத்திரம் கோட்டத்தில் கடையம் வனச்சரகமாக இருக்கிறது. காப்பகம் 1988-இல் அமைந்தது, மாநிலத்தில் முதலாவது. வடக்கே போனால் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். இவற்றைச் சுற்றி வருவது சூழல் உணர்திறன் மண்டலம். அளவுகோல் கிலோமீட்டர். 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாப் பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றியும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் என்று தீர்ப்பளித்தபோது மலையடிவாரம் முழுவதும் கலங்கிப்போனது. வீட்டுக்கு ஒரு அறை சேர்க்கக்கூட முடியாதோ என்ற பயம். 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்தப் பொது அளவைத் தளர்த்தி, இடத்துக்கு இடம் தனித்தனி அறிவிப்புகளின்படி போகலாம் என்றது. அப்படி வருகிற அறிவிப்புகளின் வழக்கமான வாசகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: அறிவிப்பு வந்து இரண்டு ஆண்டுக்குள் மாநில அரசு மண்டல முழுமைத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். எது வயல், எது தோப்பு, எது குடியிருப்பு, எந்த ஓடை எங்கே என்று குறிக்கிற திட்டம். கடையத்துக்கு இல்லாத அடிப்படம் அந்த வழியில்தான் கிடைக்க வேண்டும்.

நான்காவது, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதற்குமான தாள். மாதவ் காட்கில் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. அது கடுமை என்று கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் இன்னொன்று கொடுத்தது. இரண்டாவதின்படி சுமார் 56,825 சதுர கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டில் 6,914. வரைவு அறிவிக்கை 2014 மார்ச்சில் வந்தது, காலாவதியானது, மறுபடி வந்தது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31, வயநாட்டில் மலை சரிந்த மறுநாள். இங்கேயும் அளவுகோல் கிராமம்தான், ஆனால் வேறு கணக்கு: கிராமப் பரப்பில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ சூழல் உணர்திறன் மிக்க இயற்கை நிலம் இருந்தால் கிராமமே உள்ளே. உள்ளே வந்தால் என்ன தடை? சுரங்கம், குவாரி, அனல்மின் நிலையம், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம், 50 ஹெக்டேருக்கு மேற்பட்ட குடியிருப்பு நகரம். கடையத்துச் சாலையோரத்தில் கல் நட்டிருக்கிற ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் மனைப்பிரிவு இந்த வலையின் கண்ணுக்குள் தாராளமாக நழுவிவிடும். பத்து பத்து ஏக்கராகப் போட்டே ஒரு கிராமத்தின் நஞ்சையை முடித்துவிடலாம். எந்த நாளும் 50 ஹெக்டேர் ஆகாது.

ஐந்தாவது, குவாரித் தூரம். 2021 நவம்பரில் தமிழக அரசு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதியைத் திருத்தியது. 2022 டிசம்பரில் காப்புக்காடு மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. சுமார் பதிமூன்று மாதத்தில் ஒரு கோடு வரைந்து, ஒரு பகுதியை அழித்தும் ஆயிற்று. புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகிற லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்குக் ‘காப்புக்காடு’ என்ற அந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

ஆக, ஒரே வயலை ஒருவர் சர்வே எண்ணால் அளக்கிறார், இருவர் கிராமத்தால் அளக்கிறார்கள், அதுவும் இரண்டு விதமாக. இருவர் காட்டின் ஓரத்திலிருந்து கிலோமீட்டரால் அளக்கிறார்கள். தண்ணீர் இதில் எந்த அளவுகோலிலும் ஓடுவதில்லை. 84 அடி ராமநதி அணையும் 85 அடி கடனா நதி அணையும் திறந்தால் நீர் கால்வாய்க்கு வந்து, குளத்துக்கு வந்து, மடை வழியாக வயலுக்கு வந்து, வடிகால் வழியாக அடுத்த குளத்துக்குப் போகும். கடைசியில் கடனா நதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியைத் தொடும். மேலே இருக்கிற வயல் கெட்டால் கீழே இருக்கிற குளம் கெடும் என்பது இங்கே எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வரைபடம். ஆனால் கடையத்தின் பாசனத் தொகுப்பை ஓர் அலகாகக் கொண்ட மேலடுக்கு எதுவும் இல்லை. சென்னையில் செங்குன்றம் ஏரிக்குக் கிடைத்த கோடு இங்குள்ள ஒரு குளத்துக்கும் கிடைக்கவில்லை. ராமநதி–ஜம்புநதி மேல்மட்டக் கால்வாய்த் திட்டம் வனத்துறை அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கொண்டுவருகிற பொதுக் கால்வாயைத் தடுக்கும் அளவுக்குத் தாள் கெட்டி. தண்ணீர் போகிற வாய்க்காலை மண்போட்டு மூடுகிறவரை அதே தாள் கண்டுகொள்வதில்லை.

கட்டுப்பாடு போதும், சலுகைக்கு வருவோம்.

வளர்ச்சிச் சலுகையின் மூலக்கருத்து எளிமையானது. நீ ஊருக்கு ஒன்று கொடு, உனக்கு நான் கூடுதல் தளம் கொடுக்கிறேன். நியூயார்க் நகரம் 1961-இல் இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தது. கட்டடத்தின் அடியில் பொதுமக்களுக்கு ஒரு சதுர அடி திறந்தவெளி விட்டால், நெருக்கமான பகுதிகளில் பத்து சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டுகிறவர்களுக்கு இது கரும்பு தின்னக் கூலி. ஜெரால்ட் கேடன் என்ற சட்ட, திட்டமிடல் அறிஞர் 2000-இல் 503 இடங்களை எண்ணிப் பார்த்து எழுதினார். அவற்றில் 41 விழுக்காடு பெயரளவுக்குத்தான் பொதுவெளி. உட்கார இடமில்லை, நிழலில்லை, சிலவற்றில் கதவே திறப்பதில்லை. மாடி என்னவோ ஏறிவிட்டது. ஏறிய மாடியை இறக்க முடியாது, பூட்டிய கதவைத் திறக்கவைக்கவும் ஆளில்லை.

தமிழ்நாட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் அடிப்படை 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதுதான் தளப்பரப்புக் குறியீடு, எல்லார் வாயிலும் எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடத்துக்கு 2, அடுக்குமாடிக்கு 3.25. பணம் கட்டினால் அதற்குமேலும் வாங்கலாம்: 9 மீட்டர் அகலச் சாலை என்றால் 30 விழுக்காடு, 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. சலுகையின் அளவுகோல் சாலையின் அகலம். சாலை விரிவாக்கம் போன்ற பொதுக் காரியத்துக்கு நிலத்தைச் சும்மா விட்டுக்கொடுத்தால் மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற சான்றிதழும் கிடைக்கும். அதை வேறிடத்தில் கட்டப் பயன்படுத்தலாம், விற்கலாம்.

இதைக் கடையத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து செண்ட் மனை என்பது 2,178 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ 2 என்றால் 4,356 சதுர அடி கட்டலாம். இங்கே ஒரு குடும்பம் கட்டுகிற வீடு ஆயிரத்து இருநூறு, மிஞ்சினால் மாடியும் சேர்த்து இரண்டாயிரம். கொடுத்ததிலேயே பாதி மிஞ்சுகிறது. மேற்கொண்டு ஒரு பாதியை விலைக்குத் தருகிறேன் என்பது சாப்பிட்டு எழுந்தவருக்குப் பந்தியில் இலை போடுவது. கடையத்தில் நிலத்தின் லாபம் மேலே ஏறுவதில் இல்லை, பக்கவாட்டில் பரவுவதில் இருக்கிறது.

ஆகவே இங்கே உண்மையான சலுகைக்குச் சலுகை என்ற பெயர் கிடையாது. நஞ்சை மனையாவதே சலுகை. பழைய ஆட்கள் நிலத்தை இன்னும் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையால்தான் சொல்வார்கள். அடுத்த தலைமுறை ஏக்கரில் சொன்னது. இப்போது செண்டு. அளவு சிறுக்கச் சிறுக்க விலை பெருக்கும். சாலைக்கும் பொது இடத்துக்கும் போனதுபோக ஒரு ஏக்கரில் அறுபது செண்டு விற்பனைக்குத் தேறினாலும், அந்த அறுபது செண்டுக்கு வருகிற பணத்தை நெல்லோ எலுமிச்சையோ ஓர் ஆயுளில் தராது. மத்தளம்பாறையில் ஸோகோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது, தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, திருநெல்வேலி–தென்காசிப் பாதை அகல ரயில் ஆனது என்று ஒவ்வொன்றும் செண்டு விலையில் ஏறி உட்கார்ந்தது. இதில் தவறென்று எதுவும் இல்லை. வேலை வந்தால் வீடு வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

விதிகள் ஊருக்கு ஒன்று கேட்கத்தான் செய்கின்றன. 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 வரை, நிலமாகத் தர இயலாவிட்டால் பணமாகக் கட்டலாம். அதற்குமேல் நிலமாகவே தர வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டர் என்பது இரண்டரை ஏக்கருக்கு ஒரு பிடி குறைவு. சில மனைப்பிரிவுகள் ஏன் இரண்டேகால் ஏக்கரில் நின்று, ஆறு மாதம் கழித்துப் பக்கத்திலேயே இன்னொரு பெயரில் முளைக்கின்றன என்பதற்கு வாஸ்து காரணமல்ல. தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுக்கிற பூங்கா இடமும் பெரும்பாலும் மூலையில், பள்ளத்தில், வாய்க்கால் ஓரத்தில் கிடக்கிற துண்டுதான். நியூயார்க்கில் பூட்டிய கதவு, இங்கே கருவேலமுள்.

இன்னொரு பெரிய சலுகை வரன்முறை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டில் பத்திர ஆபீஸ் வாசல்கள் வெறிச்சோடின. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று நம்பி வாங்கியவர்கள் திகைத்தார்கள். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன: 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதென்றால் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். 2020-இல் மலையிடப் பகுதிக்கும் தனி வரன்முறை. அறியாமல் வாங்கிய ஏழைக்கு இது தேவைதான், மறுக்க முடியாது. ஆனால் காலக்கெடு நீள நீள, முதலில் போடு, பிறகு கட்டு என்பதே திட்டமிடலின் எழுதாத விதியாகிவிடுகிறது. ஒழுங்காக ஹாக்காவுக்கு நடந்தவர் செருப்பைத் தேய்த்தார். நடக்காதவர் கட்டணம் கட்டினார்.

குற்றாலம் இதில் தனிக்கதை. அங்கே மாடிக்கும் மதிப்பு உண்டு, தண்ணீருக்கும் மதிப்பு உண்டு. சீசனுக்கு வருகிற கூட்டத்துக்கு ஐந்தருவியும் பழைய குற்றாலமும் போதவில்லை என்று சில விடுதிகள் ஓடையைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள்ளேயே அருவி செய்துகொண்டன. 2022-இல் இது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்காக வந்து, செயற்கை அருவிகளை ஆய்வுசெய்து நடவடிக்கை எடுக்க உத்தரவானது. எஃப்.எஸ்.ஐ அட்டவணையில் அருவிக்கு வரிசை எண் கிடையாது. கட்டடம் அனுமதிக்குள் இருக்கலாம். ஓடை திரும்பியதை எந்தத் தாளும் காட்டாது. நீதிமன்றத்துக்குத்தான் காட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவையும் பார்த்தபின் ஒன்று உறுத்துகிறது. கட்டுகிறவருக்குச் சலுகை உண்டு, மீறியவருக்குச் சலுகை உண்டு. கட்டாமல் வைத்திருப்பவருக்கு? மலையடியில் நெல்லை நெல்லாகவே வைத்திருக்கும் விவசாயியிடம் பன்றி வருகிறது, யானை வருகிறது. 2022 நவம்பரில் சிவசைலம் பக்கம் கரடி ஆளையே கடித்துக் குதறியது. பக்கத்தில் மனையாக்கியவரின் செண்டு விலையைக் கேட்டுக்கொண்டே அவர் நாற்று நட வேண்டும். அவருடைய வயல் கீழே உள்ள குளத்துக்கு நீர் காக்கிறது, ஊர்க் கிணற்றை ஊறவைக்கிறது. அதற்கு எந்த வரைபடமும் ஒரு பைசா எழுதவில்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுண்டி 1980-இல் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்தது. வாஷிங்டன் நகரம் பரவி வருகிற திசையில் 93,000 ஏக்கரை விவசாயக் காப்பு நிலமாக வளைத்து, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று கட்டுப்பாடு போட்டது. அதோடு நிற்காமல், 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் வளர்ச்சி உரிமையை விவசாயி விற்றுக்கொள்ளலாம், வாங்குகிறவர் அதை நகர்ப்புறத்தில் கூடுதல் வீடாகக் கட்டிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தது. நிலம் விவசாயியிடமே இருக்கும், பணமும் வரும். இன்றும் அந்தக் காப்பு நிலம் பெருமளவு நிலைத்திருக்கிறது. மும்பை 1991-இல் இதே கருவியை வேறு காரியங்களுக்கு எடுத்தது; தெற்கே பிறந்த உரிமைகள் வடக்கே புறநகரில் போய்க் குவிந்தன, சாலையும் குடிநீரும் அந்தக் குவியலுக்கு ஈடுகொடுக்கவில்லை. எந்த இடத்திலிருந்து அனுப்புவது என்பதைவிட எந்த இடத்தில் இறக்குவது என்பது கடினம்.

தமிழ்நாட்டு விதியில் உரிமைச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது. சாலைக்கு நிலம் விட்டவருக்குத் தருவதை வாய்க்காலுக்கு நிலம் விட்டவருக்கும் தருவதற்குப் பெரிய சட்டமாற்றம் வேண்டியதில்லை. ராமநதிப் பாசனத்தில் கட்டாமல் விடுகிற நஞ்சைக்குச் சான்றிதழ் கொடுத்து, அதைத் திருநெல்வேலியிலோ தென்காசி நகரிலோ 18 மீட்டர்ச் சாலையில் கட்டுகிறவர் வாங்கும்படி செய்தால், அரசிடம் பணம் கட்டி வாங்குகிற கூடுதல் எஃப்.எஸ்.ஐ-யில் ஒரு பங்கு விவசாயிக்குப் போகும். அரசு தன் வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் தடை. அதற்கும் முன்னால் வேண்டியது, எந்த வயல் எந்தக் குளத்துக்கு நீர் விடுகிறது என்று காட்டுகிற ஒரு படம்.

அந்தச் சாலையோர மனைப்பிரிவுக்குக் கிழக்கே இன்னும் ஒருவர் நெல் போடுகிறார். சென்ற கார்த்திகை மழையில் வடிய வழியில்லாமல் அவர் வயலில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. எஃப்.எம்.பி நகல் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். விரித்துக் காட்டினார். அதில் வாய்க்கால் இரட்டைக் கோடாகத் தெளிவாக ஓடுகிறது, அவர் வரப்பு வரை. நேரில் அந்த இடத்தில் தார் போட்ட சாலை, ஓரத்தில் ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. “இதுக்கு யாருகிட்ட எழுதிக் குடுக்கணும் தம்பி? வி.ஏ.ஓ பொதுப்பணித்துறைங்கார். அங்க போனா ஊராட்சிங்காவ. ஊராட்சில, இது டிடிசிபி அப்ரூவ்டு, எங்க கையில இல்லைங்காவ.” மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். மடிப்பு விழுந்த இடத்தில் அந்த இரட்டைக் கோடு ஏற்கெனவே பாதி அழிந்திருந்தது.